விசிறி இலை

"வர வேணாம் ஆத்தா. நான் சொன்னதை மறந்துருங்க. அப்படியே திரும்பிப் போயிருங்க."

கார் அனுமந்தன்பட்டியைத் தாண்டிக் கம்பம் ரோட்டில் போய்க்கொண்டிருந்தபோது வந்த போன் அது. பேசியவர் கோட்டைச்சாமி. பவானி பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் லைன் அறுந்துவிட்டது.

"மேடம், மொய்க் கவரோட பாதி வழி வந்தவங்களுக்குப் 'பந்தி முடிஞ்சிருச்சு'ன்னு சொல்ற மாதிரி இருக்கு" என்றான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த மகிழன். "வண்டியைத் திருப்பட்டுமா?"

"போன வாரம் இதே மனுஷன் என்ன சொன்னார்?"

"'என் திராட்சைத் தோட்டத்துல விஷம் அடிச்சவனை ஊர் முன்னாடி நிறுத்தணும், உடனே வாங்க'ன்னு கத்தினார். போனைக் காதுல இருந்து ஒரு முழம் தள்ளி வச்சுத்தான் கேட்டேன்."

"அப்படிக் கத்தினவர் இன்னைக்கு ஏன் கெஞ்சறார்? நேரா விடு."

பவானி துப்பறிய வந்ததே ஒரு விபத்து. தேனியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். படிக்க ஆள் வராமல் துறையை மூடினார்கள். வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் பரோட்டாக் கடை மாடியில் ஒரு துப்பறியும் ஆபீஸ் போட்டாள். வருவதெல்லாம் மாப்பிள்ளை விசாரணைதான் என்றாலும், வகுப்பறை மட்டும் அவளை விட்டுப் போகவே இல்லை. ஆளைப் பார்த்தால்கூட அவளுக்கு இலை, காம்பு, முள் என்றுதான் தோன்றும். உதவியாளன் மகிழனுக்கு அவள் வைத்த பெயர் 'ஒட்டுண்ணி'. "ஒட்டுண்ணி இல்லேன்னா மாமரத்துக்கு யாரு மேடம் பேச்சுத் துணை?" என்பான் அவன், கொஞ்சமும் வெட்கப்படாமல்.

கேஸ் சின்னது. அதில் அகப்பட்ட மனிதருக்குத்தான் வலி பெரியது.

சுருளிப்பட்டியில் கோட்டைச்சாமியின் பன்னீர் திராட்சைத் தோட்டம் காய் பிடிக்கிற பருவத்தில் இலை கோணி, கொடி வதங்க ஆரம்பித்தது. "பக்கத்துத் தோட்டத்து மலைச்சாமி வேலிக்கு அங்கிட்டு நின்னு விஷம் அடிச்சான். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்" என்று டீக்கடையில் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார் கோட்டைச்சாமி. மலைச்சாமி அசலூர்க்காரர் இல்லை. கோட்டைச்சாமியின் மனைவி பவுனுவுக்குக் கூடப்பிறந்த அண்ணன். இரண்டு தோட்டத்துக்கும் ஒரே கிணறு. தண்ணீர் முறை வைப்பதில் மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் ஏற்கனவே உரசல்.

ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். இன்றைக்கு உச்சிகாலப் பூசையில் மலைச்சாமி அம்மன் சந்நிதியில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யவேண்டும் என்று முடிவு. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் பொத்தி அணைத்துவிட்டால் குற்றம் இல்லை. ஆனால் குற்றம்தான் போகும், மானம் திரும்பி வராது. 'சூடம் அணைத்த வீடு' என்கிற பேர் அந்த வீட்டுப் பிள்ளைகளின் பிள்ளைகள் வரை ஒட்டிக்கொண்டிருக்கும். மலைச்சாமியின் மகள் வேல்விழிக்கு மார்க்கையன்கோட்டையில் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். சூடம் சேதி காதில் விழுந்ததும் மாப்பிள்ளை வீட்டார் பூ வைக்கிற நாளைத் தள்ளிவிட்டார்கள்.

"சூடம் ஏத்துறதுக்குள்ள உண்மை தெரிஞ்சாகணும்" என்றாள் பவானி.

"அதுக்குள்ள உங்க கட்சிக்காரர் யாருன்னு தெரிஞ்சுக்கங்க" என்று மகிழன் தன் கைபேசியைத் தட்டினான். "கம்பம் பள்ளத்தாக்குல திராட்சை போட்டவங்க அத்தனை பேரும் இவர் குரலைக் கேட்டுட்டுத்தான் பல்லு விளக்குவாங்களாம். வாட்ஸப் குரூப்ல தினமும் ஒரு பிரசங்கம்."

கோட்டைச்சாமியின் கணீர்க் குரல் காரை நிறைத்தது. "அண்ணன்மாரே, தம்பிமாரே! களைக்கொல்லி டேங்க் தனி, மருந்து டேங்க் தனி. வெளங்குதா? களைக்கொல்லி டேங்க்குல ஒரு செவப்புத் துணியைக் கட்டிப் போடுங்க. மறந்து மாத்தி அடிச்சீகண்டா கொடி போச்சு, குடி போச்சு. படிச்சுப் படிச்சுச் சொல்றேன்."

"மைக்கே வேணாம் மேடம் இவருக்கு" என்றான் மகிழன்.

தோட்டத்து வாசலில் கோட்டைச்சாமி நின்றிருந்தார். கூரான வெள்ளை மீசை, சலவை வேட்டி. குரலில் இருந்த கணீர் மட்டும் காணாமல் போயிருந்தது.

"வேணாம்ண்டு சொன்னேன்லாத்தா. எதுக்கு வந்தீக?"

"பாதி வழி வந்தாச்சுங்க. இலையை மட்டும் பார்த்துட்டுப் போயிடறேன்."

"அது... நோயாத்தேன் இருக்கும்போல."

"நோயா? அப்ப உங்க மச்சானைக் கண்ணால பார்த்தேன்னு சொன்னது?"

அவர் தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். முகத்தில் வேர்வை ஒன்றும் இல்லை. "சொன்னது சொன்னதுதேன்" என்று மட்டும் முனகினார்.

கல்தூண்களின் மேல் கம்பி இழுத்துப் போட்ட பந்தல். நிமிர்ந்து பார்த்தால் கூரை முழுக்கத் திராட்சைக் கொடி. ஒவ்வொரு கொடியும் கம்பியோடு வாழைநாரால் கட்டப்பட்டிருந்தது. மகிழன் ஒரு கட்டை இழுத்துப் பார்த்தான்.

"என்ன சார், இம்புட்டு லூசா கட்டியிருக்கீங்க? அவுந்துராதா?"

அவ்வளவு சோர்விலும் கோட்டைச்சாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏலே, அது லூசு இல்ல. நாளைக்குக் கொடி பருக்கும்ல? ஒரு வெரல் போற எடம் விட்டுச் சுருக்குப் போடணும். இறுக்கிக் கட்டுனா கழுத்தை அறுத்துரும். இந்தத் தோட்டத்துல ஒரு கட்டை வேற ஆளு தொட விடமாட்டேன்."

பவானி எட்டி ஒரு இலையைக் காம்போடு கிள்ளினாள். கிள்ளியதும் அவளுக்குள் இருந்த வாத்தியாரம்மா எழுந்து உட்கார்ந்துகொண்டாள்.

"மகிழா, இது என்ன?"

"இலை மேடம். இதுல சோறு வைக்க முடியாது, அது வரைக்கும் தெரியும்."

"நரம்பைப் பார். திராட்சை இலைக்கு அங்கை வடிவ நரம்பமைவு. அங்கைன்னா உள்ளங்கை. காம்பு வந்து சேர்ற இடத்துல இருந்து நரம்பெல்லாம் விரல் மாதிரி விரிஞ்சு பிரியணும். இதுல எப்படி ஓடுது?"

மகிழன் வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். "எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நேரா ஓடுது. விளிம்பு ரம்பம் மாதிரி இருக்கு. மொத்தத்துல பனை விசிறி."

"நோய் வந்தா புள்ளி விழும், பூஞ்சை படியும், ஓட்டை விழும். நரம்பை இப்படிச் சேர்த்து இழுக்கிற நோய் அபூர்வம், அதுவும் களையைச் சேர்த்து வாட்டாது. இப்போ கீழே பார். தரையில எது செத்திருக்கு, எது பிழைச்சிருக்கு?"

அவன் குனிந்தான். "குப்பைமேனி முறுக்கிக்கிட்டுக் கிடக்கு. மூக்கிரட்டை வதங்கிப் போச்சு. அருகம்புல்லுக்கு ஒண்ணும் ஆகலை. கோரையும் கும்முனு இருக்கு."

"அருகு, கோரை ரெண்டும் என்ன வகை?"

"ஒருவிதையிலை. முளைக்கும்போது ஒத்தை இலை. மத்ததெல்லாம் இருவிதையிலை, ஜோடி இலை." மகிழன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். "ப்ளஸ் டூவுல எனக்கு மார்க் விழுந்த ஒரே கேள்வி மேடம் இது."

"அப்போ ஒத்தை இலையை விட்டுட்டு ஜோடி இலையை மட்டும் கொல்ற மருந்து. மக்காச்சோளக் காட்டுக்கு அடிக்கிற களைக்கொல்லி. சோளம் புல் ஜாதி, அதுக்கு ஒண்ணும் ஆகாது. திராட்சை ஜோடி இலை ஜாதி. வாடை பட்டாலே இலை விசிறியாகும்." பவானி திரும்பினாள். "ஐயா, சோளம் யார் யார் போட்டிருக்காங்க?"

"ஊர்ல பாதிப் பேரு போட்டுருக்கான்." கோட்டைச்சாமி தரையைப் பார்த்துச் சொன்னார். "நானும் போட்டுருக்கேன். மச்சானும் போட்டுருக்காரு."

வேலியோரம் யாரோ செருமும் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் மலைச்சாமி நின்றிருந்தார். தலைக்குக் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, கோயிலுக்குப் போகிற கோலத்தில் இருந்தார். பவானியைப் பார்த்துக் கும்பிட்டார். கோட்டைச்சாமியின் பக்கம் அவர் பார்வை போகவே இல்லை.

"துப்புத் தொலக்க வந்தவகளாம்மா? நல்லாப் பாருங்க. என் தோட்டத்துலயும் வந்து பாருங்க, நான் மறிக்கல. ஒண்ணே ஒண்ணு. மாப்ளே தோட்டத்துல மேற்கால கொடி சாஞ்சு கெடக்கு, அங்கன மிதிச்சுறாதீக. பொழச்சு வாறது பொழச்சு வரட்டும்."

கோட்டைச்சாமி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஐயா, வேலியில படர்ந்திருக்கிறது என்ன கொடி?" என்று மலைச்சாமியிடம் கேட்டாள் பவானி.

"அவரைம்மா. எங்க பொண்ணு போட்டது."

ஊதாப் பூக்கள் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தன. பவானி ஒரு இலையைப் புரட்டிப் பார்த்துவிட்டு மகிழனிடம் திரும்பினாள். "அவரை என்ன வகை?"

"ரெண்டா பிளக்கிற பருப்பு. ஜோடி இலை." மகிழன் ஒரு நொடி நின்றான். "மேடம்! வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அடிச்சிருந்தா முதல்ல இந்த அவரையில்ல செத்திருக்கணும்? இது பூத்துக் குலுங்குதே!"

"ஒட்டுண்ணிக்கும் பூ பூக்குது. இன்னும் ஒண்ணு பாரு. வேலியில இருந்து எதிர்க்கோடி மோட்டார் ரூம் வரைக்கும் நடந்துட்டு வா. ஒவ்வொரு வரிசையிலயும் இலை எப்படி இருக்குன்னு சொல்லு."

மகிழன் பந்தலுக்கடியில் குனிந்து ஓடினான். கொஞ்ச நேரத்தில் தலையெல்லாம் சருகோடு திரும்பி வந்தான்.

"தலைகீழா இருக்கு மேடம். வேலிப் பக்கம் இலை கை மாதிரி நல்லாயிருக்கு. நடுவுல அரை விசிறி. மோட்டார் ரூம் பக்கம் முழு விசிறி, கொடியே தொங்கிருச்சு."

"டீக்கடையில காபி குடிச்ச கிளாஸைக் கழுவாம அதுல டீ ஊத்தினா, முதல் டீயில காபி வாடை தூக்கலா இருக்கும். அடுத்த டீயில குறையும். அதுக்கடுத்ததுல தெரியவே தெரியாது." பவானியின் குரல் தணிந்தது. "மோட்டார் ரூம்ல டேங்க்கை ரொப்பி முதல் வரிசையில ஆரம்பிச்சிருக்காங்க. முதல் டேங்க்ல விஷம் ஜாஸ்தி. போகப் போகக் கழுவிப் போச்சு. யாரும் விஷம் வைக்கலை. களைக்கொல்லி அடிச்ச டேங்க்குல தெரியாம மருந்தைக் கலக்கி இந்தத் தோட்டத்து ஆளே அடிச்சிருக்காங்க."

வேலிக்கு அந்தப் பக்கம் இப்போது யாரும் இல்லை. மலைச்சாமி கோயிலுக்கு நடந்துவிட்டிருந்தார். தூரத்தில் கோயிலில் உறுமி மேளம் ஒலிக்கத் தொடங்கியது.

"மோட்டார் ரூமைத் திறங்க" என்றாள் பவானி.

மோட்டார் ரூமில் ஆயுத பூஜை வாடை இன்னும் இருந்தது. சுவிட்சுப் பெட்டி, மண்வெட்டி, கவாத்துக் கத்தரி எல்லாவற்றிலும் காய்ந்துபோன சந்தனம், குங்குமம். ஆணியில் முதுகில் மாட்டி மருந்தடிக்கிற இரண்டு பேட்டரி டேங்க்குகள் ஒரே மாதிரி தொங்கின. ஒரே கம்பெனி, ஒரே நிறம், ஒரே மாதிரிப் பொட்டு. ஒன்றின் கைப்பிடியில் மட்டும் சிவப்புத் துணி.

பவானி அந்தத் துணியை மெல்ல நகர்த்திப் பார்த்தாள். முடிச்சுக்கு அடியிலும் சந்தனம் இருந்தது.

அந்த நேரத்தில் வாசலில் நிழல் விழுந்தது. தலையில் புல்லுக்கட்டோடு பவுனு நின்றாள். கட்டை இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அழுது அழுது வீங்கிய கண்.

"அம்மா, பூஜைக்கு முன்னாடி இந்தச் சிவப்புத் துணியை யார் அவிழ்த்தது?"

பவுனு யோசிக்கவே இல்லை. "நான்தேன் தாயி. ஒரே அழுக்கு. அந்தக் கந்தலோட சாமிக்கு முன்னாடி எப்படி வைக்க? அவுத்து வீசிட்டு, ரெண்டையும் மேலால தொடச்சுப் பொட்டு வச்சேன்."

சொல்லி முடித்ததும் அவளுக்கே ஏதோ உறைத்தது. இரண்டு டேங்க்கையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பவானிக்கு அந்த நிமிஷத்தில் ஓர் அவசரம் வந்துவிட்டது. உறுமிச் சத்தம் காரணமாக இருக்கலாம்; கெட்டிக்காரத்தனம் தலைக்கு ஏறியதும் காரணமாக இருக்கலாம். "பூஜைக்கப்புறம் எது எந்த டேங்க்னு தெரியாம போச்சு. மாத்தி அடிச்சாச்சு. அது தெரியாம நடந்த தப்பு, சரி. ஆனா இந்த முடிச்சுக்கு அடியில சந்தனம் இருக்கு. துணியைப் பூஜைக்கு அப்புறம் யாரோ திரும்பக் கட்டியிருக்காங்க. கட்டினவங்களுக்கு உண்மை தெரியும். தெரிஞ்சும் கூடப்பிறந்த அண்ணனைச் சூடம் அணைக்க அனுப்பிட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தீங்களே, எப்படிம்மா மனசு வந்தது?"

பவுனு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அய்யோ, எங்கண்ணனுக்கு நான்தேன் எமனா வந்தேனா? பொட்டு வைக்கப் போயி வேல்விழி வாழ்க்கையில மண்ணைப் போட்டேனே!" என்று மாரில் அடித்துக்கொண்டாள். "ஆனா நான் திருப்பிக் கட்டலையே தாயி. அந்த நெனப்பே எனக்கு இல்லையே. சத்தியமா கட்டல."

கோட்டைச்சாமி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனைவி மாரில் அடித்துக்கொள்வதைப் பார்த்தார்.

மகிழன் பவானியின் காதருகில் வந்தான். அவன் குரலில் கிண்டல் துளியும் இல்லை. "மேடம், அந்தப் புல்லுக்கட்டைப் பாருங்க."

பவானி பார்த்தாள். புல்லுக்கட்டில் இருந்த முடிச்சு கல் மாதிரி இறுகியிருந்தது, விரல் நகம்கூட நுழையாது. பிறகு டேங்க்கின் சிவப்புத் துணியைப் பார்த்தாள். அது தொளதொளவென்ற சுருக்கு. ஒரு விரல் போகிற இடம் விட்டுக் கட்டியிருந்தது. டேங்க்கின் கைப்பிடி நாளைக்குப் பருக்கப் போவதில்லை. ஆனால் கட்டிய கைக்கு வேறு மாதிரிக் கட்டத் தெரியாது.

தன் காது மடல் சூடாவதைப் பவானி உணர்ந்தாள். வகுப்பில் ஒரு பாவமும் அறியாத பெண்ணைப் பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்த மாதிரி வெட்கமாக இருந்தது. குனிந்து பவுனுவின் கையைப் பிடித்தாள்.

"அம்மா, மன்னிச்சுக்கங்க. நான் அவசரப்பட்டுட்டேன். கட்டினது நீங்க இல்லை."

பவுனு நிமிர்ந்தாள். பவானியின் பார்வை போன திசையில் அவள் பார்வையும் போனது. நிலைப்படியில் போய் நின்றது.

"ஏங்க?" என்றாள் பவுனு.

கோட்டைச்சாமி வந்து மனைவிக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"முந்தாநாளு சோளக்காட்டுக்குப் போவோம்ண்டு டேங்க்கைத் தூக்குனேன். மோந்து பார்த்தா களைக்கொல்லி வாடையே இல்ல. மத்ததை மோந்தேன். மூடி இடுக்குல அந்த வாடை அப்படியே இருந்துச்சு. அப்பத்தேன் வெளங்குச்சு. என் கையாலதேன் என் கொடியைக் கொன்னுருக்கேன். துணியைக் கட்டிட்டு இங்கனயே உக்காந்து அழுதேன்."

"முந்தாநாளே தெரியுமா?" பவானி கேட்டாள். "அப்பவே மச்சான்கிட்ட ஓடியிருக்கலாமே?"

"எப்படி ஆத்தா ஓடுவேன்? ஊருக்கெல்லாம் செவப்புத் துணி கட்டச் சொன்னவன் நான். டேங்க்கை மாத்தி அடிச்சான் கோட்டைச்சாமிண்டு தெரிஞ்சா கூடலூர் வரைக்கும் சிரிப்பாக. அது போகட்டும். கண்ணால பார்த்தேன்ண்டு வேற சொல்லித் தொலச்சுட்டேனே. கோவத்துல வந்த பொய்யி. அதைச் சொன்னதுக்கப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவரு வாசப்படி மிதிப்பேன்? வெக்கமா இருந்துச்சு ஆத்தா. சூடத்தை அணைச்சுட்டு மச்சான் வீட்டுக்குப் போயிருவாரு, இது அப்படியே அமுங்கிரும்ண்டு நெனச்சேன்."

"இப்ப என்னை அழ விட்டுப் பார்த்துக்கிட்டு நின்னீகளே" என்றாள் பவுனு. அவள் குரலை உயர்த்தவில்லை. "நான்தேன் அண்ணனைக் கெடுத்தேன்ண்டு மாருல அடிச்சேன். வாயைத் தொறக்கலையே நீங்க."

கோட்டைச்சாமி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவர், கடைசியில் முகத்தை மறைக்க இடமில்லாமல் உட்கார்ந்திருந்தார். விரல் இடுக்கு வழியாகப் பவானியைப் பார்த்தார்.

"ஆத்தா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஊரு கேக்கும். நோய்ண்டு சொல்லிருங்க. மச்சானும் தப்பிச்சுருவாரு, நானும் தப்பிச்சுருவேன்."

மகிழன் பவானியைப் பார்த்தான். ஆசை காட்டுகிற வழிதான் அது. யாருக்கும் நஷ்டமில்லாத பொய்.

"இலை நோய்னு சொல்லலையே ஐயா. நான் எப்படிச் சொல்றது?" என்றாள் பவானி. "சரி, சொன்னேன்னே வச்சுக்கங்க. நீங்க கண்ணால பார்த்ததா சொன்னீங்களே, அதை நான் எப்படி அழிக்கிறது? நோய்தான்னு தெரிஞ்சப்புறமும், 'ஆனா கோட்டைச்சாமி கண்ணால பார்த்தாரே'ன்னு நாலு பேர் பேசத்தான் செய்வாங்க. மார்க்கையன்கோட்டைக்காரங்க காதுல அதுதான் விழும். அந்தப் பேச்சு உங்க வாயில இருந்து வந்தது. அங்கேதான் முடியணும்."

உறுமி நின்றது. கோயில் மணி அடிக்கத் தொடங்கியது.

பவுனு எழுந்தாள். சிவப்புத் துணியை டேங்க்கிலிருந்து அவிழ்த்தாள். கணவனின் மடியில் போட்டாள். "வாறீகளா, இல்ல நான் போயிச் சொல்லவா?" என்றாள்.

கோயில் முன்னால் ஊரே கூடியிருந்தது. பூசாரி தட்டில் சூடத்தை ஏற்றிவிட்டார். பெரியவர்கள் ஒரு பக்கம் நின்றார்கள். ஓரமாக இரண்டு பேர் புது மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்கள் மார்க்கையன்கோட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய ஆட்கள் என்று சொல்லாமலே தெரிந்தது. வேல்விழி தூணுக்குப் பின்னால் அப்பாவை மட்டும் பார்த்தபடி நின்றாள்.

மலைச்சாமி வலது கையை விரித்து நீட்டினார். கொடி கட்டிக் கட்டிக் காய்த்துப்போன உள்ளங்கை. அவர் கண் நிறைந்திருந்தது.

"நிறுத்துங்கப்பா!"

வாட்ஸப்பில் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்ட அதே கணீர்க் குரல், நடுவில் உடைந்து வந்தது. கூட்டம் விலகியது. கோட்டைச்சாமி ஓடி வந்தார். ஒரு கையில் சிவப்புத் துணி. யாரும் பிடிப்பதற்குள் மற்றக் கையை எரிகிற சூடத்தின் மேல் வைத்துப் பொத்தினார்.

புகை விரலிடுக்கில் கசிந்தது. கையை எடுக்கவில்லை.

"மருந்து அடிச்சது என் கை. டேங்க்கை மாத்தி அடிச்சேன். முந்தாநாளே தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டேன். எம் மச்சான் வேலிப் பக்கமே வரல. நான் யாரையும் பார்க்கல. பார்த்தேன்ண்டு சொன்னது பொய்யி. ஆத்தா மேல சத்தியம்."

கூட்டத்தில் பின்பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "டேங்க்கை மாத்தி அடிச்சாராம்ல! இவரா!" என்றது ஒரு குரல். சிரிப்பு கொஞ்சம் பரவியது. கோட்டைச்சாமி தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொண்டார். மோட்டார் சைக்கிளில் சாய்ந்திருந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு வேகமாக வண்டியைக் கிளப்பினார்கள். நல்ல சேதி கொண்டுபோகிற அவசரம் அது.

மகிழன் வழக்கம்போல ஏதோ சொல்ல வாயெடுத்தான். பவானி அவன் கையை அழுத்தினாள்.

மலைச்சாமி தட்டிலிருந்து கோட்டைச்சாமியின் கையை விலக்கினார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். நடுவில் கன்றிச் சிவந்திருந்தது. பூசாரியின் செம்பை வாங்கி அதன் மேல் தண்ணீர் ஊற்றினார். அந்தச் சிவப்புத் துணியை எடுத்து நனைத்து, கையில் சுற்றினார். இறுக்காமல், ஒரு விரல் போகிற இடம் விட்டு.

கோட்டைச்சாமி நிமிரவில்லை. "அடிச்சுருங்க மச்சான். நாலு பேரு முன்னாடி செருப்பைக் கழட்டி அடிச்சுருங்க" என்றார்.

மலைச்சாமிக்குக் கோபம் வரவேண்டும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவருக்கு அழுகைதான் வந்தது.

"என்ன மாப்ளே நீங்க?" என்றார். "முந்தாநாளே எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லிருந்தா, 'அது நோயிதாம்ப்பா, எங்க மாப்ளே மேல தப்பு இல்ல'ண்டு ஊருக்கு நானே சொல்லிருப்பேனே. உங்க மானம் எனக்கு வேற, என் மானம் வேறயா?"

அதுவரை ஊர் சிரித்ததைத் தாங்கிக்கொண்டு நின்ற கோட்டைச்சாமி, அதைக் கேட்டதும் கோயில் வாசலில் மண்டியிட்டு, குழந்தை மாதிரி விம்மினார்.